ஆகாயக் கப்பல் கதைகளும் அவற்றின் தவறுதல்களும்

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நடந்த கூட்டங்களில் பேசியதன் சுருக்கம்)



டெலிவிஷனில் வரும் விஞ்ஞானக் கதைகளைப்பற்றிப் பேசப் போகிறோம் என்று நோட்டீசில் கண்டதும், நாட்டில் எவ்வளவோ காரியம் கிடக்க இதற்கு ஒரு கூட்டமா என்று சில தோழர்கள் கேட்டார்களாம். கேட்டது நியாயந்தான். ஆனால் நம் பிள்ளைகள் சாப்பாட்டையும் மறந்து, வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பது எந்தப் பண்டிதர் எதிரிலும் அல்ல. அந்தப் பெட்டியின் எதிரில்தான். ஆகையால் அந்தப் பெட்டி என்ன சொல்லுகிறது என்று நாம் விசாரிக்கத்தானே வேண்டும்?

"ஸ்டார் டிரெக்" என்று ஒரு தொடர். ஜீன் ராடன்பெரி என்பவர் உண்டாக்கியது. அமெரிக்காவில் 1966 செப்டம்பரில் ஆரம்பித்து 1969 வரை 79 கதைகள் காட்டினார்கள். 1980-களில் நமது தூர்தர்ஷனிலும் வந்தது. நானூற்றுச் சொச்சம் பேரை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் நக்ஷத்திரங்களுக்கு இடையே போகிறது. தலைவன் பெயர் கிர்க்.

அந்தக் கப்பல் ஓடும்போது "உஸ்" என்று சத்தம் கேட்கிறது. சத்தம் என்பது காற்றோ, தண்ணீரோ, இரும்போ ஏதாவதொரு பொருள் அதிர்ந்து நம் காதுக்கு வந்து சேருவது. தண்டவாளத்தில் காதை வைத்து ரயில் வருவதைச் சொல்லுகிற விழுப்புரம் ஜங்ஷன் பையன்களுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றுமே இல்லாத வெட்டவெளியில் எது அதிர்வது? யார் கேட்பது?

மேலும், கப்பலின் இரண்டு பக்கமும் நக்ஷத்திரங்கள் தந்திக் கம்பங்களைப்போல் ஓடுகின்றன. சூரியனிலிருந்து வெளிச்சம் நம்மிடம் வர எட்டு நிமிஷத்துக்குச் சற்று மேல் ஆகிறது. அதற்கு அடுத்த நக்ஷத்திரத்திலிருந்து வர நாலேகால் வருஷம் பிடிக்கிறது. விநாடிக்கு ஒரு நக்ஷத்திரம் வீதம் தாண்டினால், லக்ஷம் ஒளி வருஷம் அகலமுள்ள நமது நக்ஷத்திர மண்டலம் முழுவதையும் ஏழு மணி நேரத்தில் கடந்துவிடலாம். கதையிலோ பக்கத்து இடத்துக்குப் போகவே நாட்கணக்கு! இந்தக் கணக்கைப் போட ஐந்தாம் வகுப்புப் படிப்புப் போதும்.

இன்னொரு வேடிக்கை. 1967 பிப்ரவரியில் காட்டிய கதையில் கான் நூனியன் சிங் என்று ஒரு ஆசாமி வருகிறான். வட இந்தியக்காரனாம். கானும் சிங்கும் ஒரே ஆளிடம் எப்படிக் கூடினவோ, எழுதினவரைத்தான் கேட்கவேண்டும். வேஷம் போட்டவரோ மெக்சிகோ தேசத்து நடிகர். இந்தச் சிங் 1992 முதல் 1996 வரை பூமியில் கால்பங்குக்குமேல் கட்டி ஆண்டான் என்பது கதை. அந்த வருஷங்கள் வந்தன, போயின. 1993 செப்டம்பரில் தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரம் ஜில்லா உண்டாயிற்று, கானைக் காணோம். 2023-ல் வந்த புதிய தொடர் ஒன்றில், யாரோ காலத்தைக் கலைத்துவிட்டதால் அந்தச் சம்பவம் தள்ளிப் போய்விட்டது என்று சமாதானம் சொன்னார்கள். ஜோசியர் கெடுவைத் தள்ளி வைப்பது நமக்குப் புதிதா?

இதே கான் 1982-ல் வந்த சினிமாவில், கப்பலில் வேலை பார்த்த செக்கோவ் என்பவனைக் கண்டதும் உன்னை மறக்கவில்லை என்கிறான். கான் வந்த கதையிலோ செக்கோவ் என்ற பாத்திரமே கிடையாது! கிர்க்குக்கே ஒரு கதையில் கல்லறைக் கல் நடும்போது "ஜேம்ஸ் ஆர். கிர்க்" என்று எழுதியிருக்கிறது, பிற்பாடு அவன் "ஜேம்ஸ் டி. கிர்க்" ஆகிவிட்டான்.

இவைகளையெல்லாம் கண்டுபிடித்தவர்கள் யார்? அந்தக் கதையை விரும்பிப் பார்த்தவர்களே. 1966 நவம்பரிலேயே ஐசக் அசிமோவ் என்ற ரசாயன அறிஞர், கதாசிரியருங்கூட, ஒரு பத்திரிகையில் இப்படிப்பட்ட தொடர்களைப் பரிகாசம் செய்து எழுதினார். நக்ஷத்திர மண்டலத்துக்கு அரை ஒளி வருஷம் வெளியே என்று ஸ்டார் டிரெக்கில் சொன்னதையும் பிடித்துக்கொண்டார். திண்டிவனத்துக்கு அரை அங்குலம் வெளியே என்று ஒருவன் விலாசம் சொன்னால் நாம் சிரிக்க மாட்டோமா? ஆனால் ராடன்பெரி கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்குக் கடிதம் எழுதிச் சிநேகமானார். 1979-ல் சினிமா எடுத்தபோது அந்த அசிமோவையே விஞ்ஞான ஆலோசகராகவும் வைத்துக்கொண்டார்கள். யார் மனமும் புண்படவில்லை. யாரும் கேஸ் போடவில்லை.

நம் நாட்டிலும் ஒரு ஆகாயக் கப்பல் கதை உண்டு. "வைமானிக சாஸ்திரம்" என்று பெயர்; பரத்துவாஜ முனிவர் அருளியதாம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 1974-ல் அதை வரிவரியாக ஆராய்ந்து, அது 20-ம் நூற்றாண்டில் உண்டான புஸ்தகம் என்றும், அதில் கண்டபடி கட்டினால் பறக்காது என்றும் சொல்லிவிட்டார்கள். அப்படியிருந்தும் 2015 ஜனவரியில் பம்பாய் விஞ்ஞான காங்கிரசில், பழங்கால விமானங்கள் கிரகத்துக்குக் கிரகம் போயின என்று கட்டுரை படிக்கப்பட்டது. அமெரிக்கக் கதைக்காரன் கதை என்று சொல்லிக் காட்டினான், திருத்தினால் கேட்டுக்கொண்டான். இதைச் சாஸ்திரம் என்றார்கள். நாற்பது வருஷமாகியும் திருந்தவில்லை.

1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் வந்த "சக்திமான்" இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பம்பரம்போல் சுழன்று பறக்கிறவன். மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டால் ஒருவருக்கும் அவனை அடையாளம் தெரியாது! இது போகட்டும், கதைதானே என்று விடலாம். ஆனால் அவனுடைய பலம் குண்டலினி யோகத்தாலும் பஞ்ச பூதங்களாலும் வந்தது என்று சொன்னார்களே, அதை எப்படி விடுவது? ரசாயனக்காரர்கள் இன்று 118 மூலகங்களைக் கண்டிருக்கிறார்கள். தண்ணீர் மூலகமே அல்ல, இரண்டு வாயு கூடியது. நெருப்பு ஒரு பொருளே அல்ல, பொருள் எரிகிற செய்கை. பள்ளிக்கூடத்தில் காலையில் படித்ததை வீட்டில் பெட்டி அழித்துவிடுகிறது. சக்திமான் வந்து காப்பாற்றுவான் என்று குழந்தைகள் ஆபத்தில் இறங்கியதாகப் பத்திரிகைகளில் செய்திகள் வந்தன. நடித்த முகேஷ் கன்னா அவற்றை மறுத்தார். ஆயினும் இப்படிச் செய்யாதீர்கள் என்று தொடரிலேயே குழந்தைகளுக்குச் சொல்லவேண்டி வந்தது.

திண்டிவனம் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "அப்படியானால் பேரப்பிள்ளைகளைப் பார்க்கவே விடக்கூடாதுங்களா?" என்று கேட்டார். தாராளமாகப் பார்க்கட்டும் ஐயா. நாமும் பார்க்கிறோம். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சத்தம் எப்படி வந்தது, அந்தப் பலம் எங்கேயிருந்து வந்தது என்று பேரனைக் கேளுங்கள். இரண்டு பேருக்கும் விடை தெரியாவிட்டால் மறுநாள் பள்ளிக்கூட விஞ்ஞான வாத்தியாரைக் கேட்கச் சொல்லுங்கள். அவரும் குண்டலினி என்று சொன்னால், ஒரு கார்டு போட்டு இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள்.