பிறந்த கலரா, பிடிச்ச கலரா?

1961-ல் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப். அதோட கம்பெனி கலரை விட்டுட்டு, நமக்குப் பிடிச்ச கலர் அடிக்கலாமா?

ஃபேக்டரி பெயிண்ட் இன்னும் இருந்தா, கை வைக்காதீங்க. சுரண்டிட்டா ரோல்பேக் கிடையாது. ஏற்கெனவே ரீபெயிண்ட் ஆன வண்டின்னா, அடி விழறது விலையில். பிறந்த கலர் ஹெரிட்டேஜ் சான்றிதழில் பதிவாகியிருக்கும். வாங்க வர்றவர் அதைக் காட்டியே பேரம் பேசுவார்.

வேலையும் சின்னது இல்ல. ஈ-டைப் பானெட்டைத் தூக்கினா வண்டியோட முன்பக்கமே எழுந்திரிக்கும். வெளியே மட்டும் அடிச்சா, உள்ளே பழைய கலர் பல்லிளிக்கும். கதவு இடுக்கு, இன்ஜின் இருக்கிற இடம் எல்லாத்தையும் கழட்டி அடிக்கணும்.

என் முடிவு? விக்கிற எண்ணம் இருந்தா, பிறந்த கலர். கடைசிவரை நீங்களே ஓட்டப்போறீங்கன்னா, தாராளமா உங்க கலர். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.