மலடு யாரிடம்?

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



கலியாணமாகி இரண்டு வருஷத்தில் பிள்ளை பிறக்கவில்லையானால் உடனே பெண்ணை "மலடி" என்று சொல்லிவிடுகிறோம். சோசியன் நாகதோஷம் என்கிறான். குருக்கள் முன்ஜென்மப் பாவம் என்கிறார். பாட்டி அரசமரத்தைச் சுற்றச் சொல்லுகிறாள். ஆண்பிள்ளையை மாத்திரம் எவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டால், "அவன் நன்றாய்த்தானே இருக்கிறான்" என்கிறார்கள். நன்றாயிருப்பது என்றால் என்ன என்பதுதான் இன்று நான் பேச வந்த விஷயம்.

விந்திலுள்ள ஒவ்வொரு அணுவுக்கும் ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. அந்த வாலின் மேல்தோலில் நுட்பமான வாசல்கள் இருக்கின்றன. வெளியே கால்சியம், அதாவது சுண்ணாம்பிலுள்ள அதே சத்து, மிகுதியாக இருக்கிறது. அணுவுக்குள்ளே அதில் பல ஆயிரத்திலொரு பங்குகூட இல்லை. வாசல் திறந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. உடனே வால் சாட்டைபோல் வீசி அடிக்கிறது. அந்த அடியின் பலத்தால்தான் விந்தணு முட்டையின் தடித்த உறையைத் துளைக்கிறது. மனிதரிடம், முட்டையைச் சூழ்ந்த அணுக்கள் விடும் புரோஜெஸ்ட்டிரோன் என்னும் சுரப்பே இவ்வாசலைத் திறக்கிறதென்று 2011-ல் கண்டார்கள்.

இது வெறும் வாய்ப்பேச்சல்ல. 2001-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் டேவிட் கிளாபம் என்பவரும் அவர் கூட்டாளிகளும் இவ்வாசலைக் கண்டு, கேட்ஸ்பெர் என்று பெயரிட்டு, அது இல்லாத சுண்டெலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். ஆண் எலிகள் பார்வைக்குக் குறையின்றி இருந்தன. பெட்டையோடு கூடின. விந்தணுக்களின் எண்ணிக்கையும் குறையவில்லை. ஆனால் குட்டி மட்டும் பிறக்கவில்லை! முட்டையின் உறையை நீக்கிவிட்டபோதோ அதே விந்தணுக்கள் முட்டையோடு சேர்ந்தன. அதே வாசலில்லாத பெட்டைகள் தாராளமாய்க் குட்டி போட்டன. அப்படியானால் மலடு யாரிடம்?

மனிதரிலும் இக்குறையுள்ள ஆண்கள் உண்டு. ஆண்மலடு எல்லாம் இந்த ஒரு காரணத்தால் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடத்தில் ஆணிடமும் குறை உண்டென்பது வைத்தியர் கண்ட உண்மை. பெண்ணிடமே குறை இருந்தாலும் அது உடற்குறையேயொழியப் பாவமல்ல.

அரசமரத்தை ஆயிரந்தரம் சுற்றினால் இந்த வாசல் திறக்குமா? திறக்காது. ஆனால் ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள்ளேயே செலுத்திக் கருவாக்கும் முறையில் 1992 முதற்கொண்டு பிள்ளைகள் பிறந்து வருகிறார்கள். வாசல் திறக்காத விந்தணுவுக்கும் இதனால் வழி உண்டு.

ஆகவே தோழர்களே! பெண்ணை ஏசுமுன் ஆணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பரிசோதனைக்கு வெட்கப்படுகிறவனுக்கு மனைவியை மலடி என்று சொல்ல யோக்கியதை ஏது?