கிரெடிட்: ஒரு சொல், பல கணக்கு
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றித்தான் பேசப் போகிறோம். 'கிரெடிட்'. என்னடா இது, பள்ளிக்கூடப் பாடமா என்று நினைக்காதீங்க. இந்த வார்த்தை சரியாகப் புரியாமல் எங்கள் குழுவே ஒருமுறை தவித்துப் போனது.

எங்கள் குழுச் சகோதரி ஒருவர் செல்போனில் ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. அவர் கணக்கில் 20,000 ரூபாய் கிரெடிட் ஆகியிருக்கிறது என்று. படித்துச் சொன்ன பையன், "அக்கா, உங்களுக்குப் பணம் வரவாகி இருக்கு" என்றான். சொன்னது சரிதான். ஆனால் என்ன பணம் என்று யாரும் கேட்கவில்லை. அரசாங்க உதவி வந்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அவரும் இரண்டு ஆடு வாங்கினார், வீட்டு ஓட்டை மாற்றினார். அடுத்த மாதம் தவணை கேட்டு ஆள் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சில வாரங்களுக்கு முன்பு ஒரு நிதி நிறுவனத்து ஆள் "கிரெடிட் பாரம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினாரே, அது கடன் பாரம்! இந்த வார்த்தைக்கு வரவு என்றும் பொருள் உண்டு, கடன் என்றும் பொருள் உண்டு. நாங்கள் ஒன்றைப் பார்த்தோம், இன்னொன்றை விட்டுவிட்டோம்.

இன்னும் எத்தனை பொருள் என்று பாருங்க. மளிகைக் கடையில் கடன் சொல்லிச் சாமான் வாங்கினால் அதுவும் கிரெடிட். 'கிரெடிட் கார்டு' என்றால், இன்றைக்குச் செலவு செய்து பிறகு கட்டுகிற கடன் அட்டை. கல்லூரியில் படிக்கும் பிள்ளை "இந்தப் பாடத்துக்கு நாலு கிரெடிட்" என்கிறது. அது பாடத்துக்கான மதிப்பு. "மகன் நல்லாப் படிச்சா கிரெடிட் அப்பாவுக்கு, படிக்கலேன்னா திட்டு அம்மாவுக்கு" என்கிறோமே, அங்கே அது பேரும் புகழும்.

இத்தனைக்கும் வேர் ஒன்றுதான். 'நம்புதல்' என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து இது வந்தது. திருப்பித் தருவார் என்று நம்பித்தானே கடன் கொடுக்கிறார்கள்? சொத்து ஜாமீன் இல்லாத பெண்களை, அவர்களுடைய சேமிப்பையும் ஒழுங்கையும் பார்த்து நம்பலாம் என்றுதான் 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களோடு குழு – வங்கி இணைப்பைத் தொடங்கியது. நமக்குக் கடன் கிடைக்கிற வழி அப்படி வந்ததுதான்.

இப்போது பாஸ்புக்குக்கு வருவோம். அதில் பற்று, வரவு, இருப்பு என்று இருக்கும். வரவு என்பதுதான் கிரெடிட், பற்று என்பது டெபிட். பாஸ்புக் நம் கையில் இருந்தாலும் அது வங்கி எழுதுகிற கணக்கு. நாம் போட்ட சேமிப்பு, வங்கி நமக்குத் தர வேண்டிய பணம். அதனால் நம் பேரில் வரவு வைக்கிறார்கள். கடன் கணக்கு இதற்கு நேர் எதிர். கடன் கொடுத்த அன்று அதில் பற்று எழுதுவார்கள். தவணை கட்டக் கட்ட வரவு வைப்பார்கள். ஆக, கடன் வாங்கிய அன்று ஒரே தொகை சேமிப்புக் கணக்கில் வரவு, கடன் கணக்கில் பற்று. எங்கள் சகோதரி கண்ணில் பட்டது வரவு மட்டும்தான்.

இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. "உங்க நம்பருக்குத் தெரியாம 5,000 கிரெடிட் பண்ணிட்டேன், திருப்பி அனுப்புங்கம்மா" என்று அழாத குறையாகப் பேசுவார்கள். போலியாக ஒரு எஸ்.எம்.எஸ்.ஸும் அனுப்பியிருப்பார்கள். எஸ்.எம்.எஸ்.ஸை நம்பிப் பணம் அனுப்பாதீங்க. இருப்பைப் பாருங்க, வங்கியில் கேளுங்க. பணம் நமக்கு வருவதற்கு ரகசிய எண் போடத் தேவையே இல்லை. கேட்டால் அது நம் பணத்தை எடுக்கத்தான். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லுங்க.

கடைசியாக 'கிரெடிட் ஸ்கோர்'. நாம் கடனை எப்படிக் கட்டுகிறோம் என்று பார்த்துப் போடுகிற மதிப்பெண். சிபில் போன்ற நிறுவனங்கள் 300 முதல் 900 வரை போடுகின்றன. தவணை தவறினால் குறையும்; பின்னால் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். அடுத்தவர் கடனுக்கு நாம் ஜாமீன் போட்டு, அவர் கட்டாவிட்டாலும் நம்மைப் பாதிக்கும். நம் பேரில் என்னென்ன கடன் இருக்கிறது என்கிற அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு. நமக்குத் தெரியாத கடன் இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

எங்கள் சகோதரி அந்தக் கடனை முழுக்கக் கட்டி முடித்துவிட்டார். ஒரு ஆட்டை விற்றார். மிச்சத்துக்குக் குழுவிலிருந்து உள்கடன் கொடுத்தோம். அன்றே ஒரு தீர்மானமும் எழுதினோம். கிரெடிட் என்ற சொல் எங்கே வந்தாலும் மூன்று கேள்வி கேட்பது: இது யார் கணக்கில்? திருப்பிக் கட்ட வேண்டியதா? கட்ட வேண்டும் என்றால் வட்டி எவ்வளவு, தவணை எத்தனை? பதில் தெரியாமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. "அவசரம், இப்பவே போடுங்க" என்று யாராவது சொன்னால், "குழுவில் கேட்டுட்டுச் சொல்றோம்" என்று சொல்லிவிடுகிறோம்.

உங்கள் குழுவிலும் அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்க. எழுதப் படிக்கத் தெரியாத சகோதரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்க. கேட்பதற்கு வெட்கப்படவே வேண்டாம். நாங்கள் அன்றைக்கே கேட்டிருந்தால் அந்த ஆடு இன்னும் கொட்டிலில் நின்றிருக்கும்.