ஹைடல்பேர்க்கில் ஒரு கேள்வி



கோட்டை என்றதும் எங்கள் நினைவுக்கு வருவன பீரங்கியும் அகழியுந்தான். ஆனால், கல்விக்கூடமாக மாறிய கோட்டையொன்றைச் சென்ற கோடையில் ஜேர்மனியிற் கண்டேன். அங்கு வாழும் என் தங்கையின் குடும்பத்தோடு பழைய பல்கலைக்கழக நகரங்கள் இரண்டைப் பார்க்கப் போயிருந்தேன்.

முதல் நாள் ரியூபிங்கன். 1477 இல் பல்கலைக்கழகம் தோன்றிய நகரம். குன்றின்மேல் நிற்கும் கோட்டை பின்னாளில் பல்கலைக்கழகத்தின் வசமாயிற்று. அதன் பழைய சமையற்கூடம் இரசாயன ஆய்வுகூடமாயிற்று. விருந்து சமைத்த அந்த இடத்தில், 1869 இல், ஃபிரீட்ரிக் மீஷர் என்ற இளம் ஆய்வாளர், வைத்தியசாலையிலிருந்து வந்த கட்டுத்துணிகளின் சீழைக் கழுவியெடுத்து, அதிலிருந்த கலங்களின் கருவிலிருந்து புதியதொரு பொருளைப் பிரித்தெடுத்தார். இன்று நாம் டி.என்.ஏ. என்பது அதனைத்தான்.

மறுநாள் ஹைடல்பேர்க். இங்கே பல்கலைக்கழகம் 1386 இல் எழுந்தது. நெக்கார் நதிக்கு மேலே செந்நிறக் கற்களாலான அரண்மனைக் கோட்டை பாதி இடிந்தபடி நிற்கிறது. 1689 இலும் 1693 இலும் பிரெஞ்சுப் படைகள் அதனைச் சிதைத்தன. 1764 இல் இடி விழுந்து எரிந்தது. பிள்ளைகளோ நிலவறையிலுள்ள ஏறக்குறைய 2,20,000 இலீற்றர் கொள்ளும் வைன் பீப்பாவைக் கண்டு துள்ளினார்கள்.

என் மனம் தங்கியது கீழே, நகரின் நடுவிலுள்ள பரிசுத்த ஆவி தேவாலயத்தில். அதன் மேல்மாடங்களில் ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெருநூலகங்களுள் ஒன்று இருந்தது. 1622 இல் நகரம் எதிரிப் படையிடம் வீழ்ந்தது. நூலகம் பாப்பரசருக்குப் பரிசாயிற்று. பாரம் குறைய வேண்டுமென்று நூல்களின் மட்டைகளைக் கழற்றிவிட்டு, ஏறத்தாழ 200 கோவேறு கழுதைகளில் ஏற்றி அல்ப்ஸ் மலை கடந்து உரோமுக்குக் கொண்டு சென்றார்கள். 1816 இல் ஜேர்மன் மொழிச் சுவடிகள் 847 திரும்பி வந்தன. இலத்தீன், கிரேக்கச் சுவடிகளுட் பெரும்பாலானவை இன்றும் வத்திக்கானிலேயே உள்ளன.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மருமகள் இடைமறித்தாள். அங்கேயே பிறந்த பிள்ளை.

"மாமா, யாழ்ப்பாண நூலகப் புத்தகங்களை ஆர் கொண்டு போனவை? எப்ப திருப்பித் தருவினம்?"

"கொண்டு போகேல்லை, பிள்ளை. எரிச்சவை."

அவள் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. 1981 இல் சாம்பலான ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் எந்த மலைக்கு அப்பாலும் இல்லை. கொள்ளைபோன நூலுக்கு ஒரு விலாசம் உண்டு. எரிந்த நூலுக்கு அதுவும் இல்லை. கட்டடம் மீண்டும் எழுந்துவிட்டது. ஒரே பிரதியாக இருந்தவை எழவில்லை.

ஹைடல்பேர்க்கார் சும்மா இருக்கவில்லை. உரோமிலுள்ள சுவடிகளையும் எண்ணிமப் படங்களாக்கி, பிரிந்த நூலகத்தைக் கணினியில் ஒன்றுசேர்த்து வருகிறார்கள். எங்களவர்களும் 2005 முதல் 'நூலகம்' என்ற பெயரில் ஈழத்து ஏடுகளை அவ்வாறே சேகரித்து வருகிறார்கள்.

நேயர்களே, என் தந்தையார் சேர்த்த பழைய சஞ்சிகைகள் ஒரு றங்குப் பெட்டி நிறைய என்னிடம் இருந்தன. இரவல் கேட்டவர்களுக்குக்கூடக் கொடுக்காமற் பூட்டியே வைத்திருந்தேன். அதைப் பாதுகாப்பு என்று எண்ணியிருந்தேன். ஊர் திரும்பித் திறந்தபோது பாதியைச் செல் அரித்திருந்தது. மீதியைப் படியெடுக்கக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கக்கூடும். இன்றே திறந்து பாருங்கள்.