வினாத்தாளில் விடுபடுபவை

புகையிலை, கஞ்சா, மது ஆகியவற்றைச் சேர்த்துப் பயன்படுத்துவோரை ஆராயப் புகுந்தால், முதல் இடர்ப்பாடு மொழியிலேயே எழுகிறது. ‘புகைபிடிப்பீர்களா?’ என்று கேட்டால், வெற்றிலையோடு புகையிலை மெல்லும் மூதாட்டி ‘இல்லை’ என்பார். அது பொய்யன்று, குற்றம் நம் வினாவுடையது. கஞ்சாவில் புகையிலை கலந்து சுருட்டுபவரும் அதனைச் சிகரெட் கணக்கில் சேர்க்கமாட்டார். தோட்டத்துக் கள்ளுக்கடையை அறிந்த முதியவருக்கு ‘மது’ என்பது பீரும் விஸ்கியுமாக இருக்கலாம். கள்ளும் சம்சுவும் அதில் அடங்கா.

உலகச் சுகாதார நிறுவனத்தின் ‘அசிஸ்ட்’ வினாத்தாளும் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே வினவுகிறது. ஆனால் மதுவும் புகையிலையும் சேரும்போது வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் வெறும் கூட்டலாக நில்லாமல் பெருகிவிடுகிறது. ஆகவே, தமிழில் வினாத்தாள் அமைக்கும்போது, ‘அதனுடன் வேறென்ன?’ என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். கள், சம்சு, மெல்லும் புகையிலை என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும்.