முதல் கவளமும் முதல் சொல்லும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



டொக்டர் வந்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். சிற்றுண்டி முடிந்த கையோடு அதைப் பேச எனக்கு மனமில்லை. சிறுபிள்ளைகள் சாப்பிடுவதையும் கதைப்பதையும் பற்றிச் சொல்கிறேன். இவை இரண்டும் வேறு வேறு விடயங்கள் போலத் தோன்றும். ஆனால் உதடு, நாக்கு, அண்ணம், தொண்டை என்று வேலை செய்யும் உறுப்புகள் ஒன்றுதான். அதனால்தான் இரண்டையும் பார்ப்பவரும் ஒருவராக இருக்கிறார். அவரைப் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் என்கிறோம்.

திரும்பத் திரும்ப நிமோனியாவுடன் வாட்டுக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகள். மருந்து கொடுப்போம், சுகமாகும், வீட்டுக்குப் போய் மூன்று கிழமையில் மறுபடியும் வருவார்கள். "எப்படித் தீத்துறீங்க அம்மா, ஒருக்காக் காட்டுங்க" என்று கேட்டால் காரணம் விளங்கிவிடும். தாய் காலை நீட்டி இருந்து, பிள்ளையைக் காலில் மலர்த்திப் போட்டு, தலையைப் பின்னே சாய்த்துக் கஞ்சியை ஊற்றுவார். அந்தத் தாயைக் குறை சொல்ல முடியாது. நம் அம்மம்மாமாரும் அப்படித்தான் நமக்குத் தீத்தினார்கள். சுகதேகியான பிள்ளை எப்படியோ சமாளித்துக்கொள்ளும். விழுங்கக் கஷ்டப்படும் பிள்ளைக்கு அந்தக் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போகிறது. சில பிள்ளைகள் இருமுவதுகூட இல்லை. புரை ஏறுவது வெளியே தெரியாமலே நெஞ்சுக்குள் இறங்கிவிடும். எனக்கு அதிகம் பயம் தருவது அந்தப் பிள்ளைகள்தான்.

சிகிச்சையாளர் செய்வது பார்வைக்குச் சின்ன வேலை. பிள்ளையை நிமிர்த்தி இருத்துவார். கதிரை இல்லாத வீட்டில் சுவர் மூலையும் இரண்டு தலையணையும் போதும். நாடி சற்றுக் கீழே பார்க்க வேண்டும். சின்னக் கரண்டி, ஒரு வாய், அது விழுங்கி முடிந்த பிறகே அடுத்த வாய். தண்ணீர்தான் இலகு என்று நினைப்போம். ஆனால் அது வேகமாக ஓடுவதால் இந்தப் பிள்ளைகளுக்கு அதைக் கட்டுப்படுத்துவது கடினம். நம் ஊர்ச் சொதியும் அப்படித்தான். இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்தால் மெத்தென்று இருக்கும், பிள்ளைக்கு லேசு என்று கொடுக்கிறோம். வாயில் சொதி முந்தி ஓடிவிடும், இடியப்பம் பிந்தி நிற்கும். இரண்டையும் ஒன்றாகச் சமாளிக்க அந்த நாக்குக்குத் தெரியாது. அதையே நன்றாக மசித்து, கட்டியில்லாமல் ஒரே பதமாக்கினால் அநேகமான பிள்ளைகளுக்கு விழுங்க இலகுவாக இருக்கும். ஆனால் எந்தப் பதம் எந்தப் பிள்ளைக்கு என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வேளைச் சாப்பாடு அரை மணித்தியாலத்துக்கு மேல் இழுபட்டால், பால் மூக்கால் வந்தால், தீத்தும்போது குரல் ஈரமாகக் கரகரத்தால், கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு ஏறாமல் நின்றால், உங்கள் பேரப்பிள்ளையானாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையானாலும் காட்டச் சொல்லுங்கள்.

இனிப் பேச்சுக்கு வருகிறேன். ஒரு வயதளவில் ஓரிரு சொல், இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்து "அம்மா வா", "பால் தா" என்று வரவேண்டும். வராவிட்டால் "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று நாலு வயதுவரை இருந்துவிடுகிறோம். நாக்கில் வசம்பு பூசுகிறோம். கோணேசருக்கு நேர்த்தி வைக்கிறோம். நேர்த்தி வையுங்கள், நானும் வைப்பவள்தான். ஆனால் அதே கிழமையில் காதையும் பரிசோதியுங்கள். கேட்காத பிள்ளைக்குச் சொல் எங்கிருந்து வரும்?

இந்தச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கத்துத் தாய்மார் பாதைக்குக் காத்திருந்துதான் வந்தார்கள். இப்போது வழி சுருங்கிவிட்டது. என்றாலும் மூதூரிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை வந்து போனால், கூலிவேலை செய்யும் தாய்க்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். எனவே வீட்டில் தானே செய்யக்கூடியதாகத் தாய்க்குப் பழக்கிவிட வேண்டும். அதைத் தாயின் மொழியில்தான் பழக்கலாம்.

இங்கேதான் நமக்குத் தட்டுப்பாடு. தமிழில் வேலை செய்யக்கூடிய சிகிச்சையாளர்கள் மிகக் குறைவு. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பிள்ளை "வாளப்பளம்" என்று சொல்கிறது. புத்தகத்தை வைத்துப் பார்த்தால் அது உச்சரிப்புப் பிழை. நம் பக்கத்தில் படித்த பெரியவர்களும் வீட்டில் அப்படித்தான் சொல்கிறோம். எது குறைபாடு, எது ஊர்ப்பேச்சு என்று பிரித்தறிய இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த காது வேண்டும். படத்தைக் காட்டிப் பெயர் கேட்பதானாலும் சல்லிப் பிள்ளையிடம் பனிமனிதனைக் காட்டுவதில் என்ன பயன்? வள்ளத்தையும் வலையையும் காட்டினால் கதை தானாக வரும்.

இலங்கையில் இந்தப் பயிற்சி 1997இல் றாகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் டிப்ளோமாவாக ஆரம்பமாகி, பின்னர் பட்டப்படிப்பானது. 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் தொடங்கிய இந்தப் பாடசாலை எத்தனையோ டொக்டர்மாரைத் தந்திருக்கிறது. ஆனால் உயிரியல் படிக்கும் பிள்ளைக்கு மருத்துவபீடம் கிடைக்காவிட்டால் வீட்டில் ஒரு செத்தவீடு போலத்தான் இருக்கிறது. இப்படி ஒரு படிப்பு இருப்பதையே பலர் அந்தப் பிள்ளைக்குச் சொல்வதில்லை.

அதிபர் அவர்கள் அனுமதித்தால், அடுத்த தவணையில் உயர்தர உயிரியல் வகுப்புப் பிள்ளைகளுடன் ஒரு மணித்தியாலம் கதைக்க விரும்புகிறேன். இந்த வேலையில் இருக்கும் ஒருவரையும் அழைத்து வருகிறேன். தேநீருக்குப் பிறகு திகதியைக் குறித்துக்கொள்வோம்.