குண்டாக இருந்தாலும் ஓடலாம்

(பெருந்துறையில் நடந்த மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

இன்றைக்கு நான் பேசப் போவது கடனைப் பற்றி அல்ல, தவணையைப் பற்றியும் அல்ல. அதனால் யாரும் பின் வரிசைக்குப் போய் உட்கார வேண்டாம். உடம்பைப் பற்றிப் பேசப் போகிறேன். என்னை மாதிரி குண்டாக இருக்கிறவர்கள் ஓடலாமா, ஓடினால் எடை குறையுமா என்பதுதான் விஷயம்.

போன மாதம் ஒரு குழுக் கூட்டம் முடிந்ததும் ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங் கண்ணு, நீ வாய்க்கா மேட்டுல ஓடறியாமா? எங்கூட்டுக்காரரு பார்த்தாராம்" என்றார். ஆமாங்க்கா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நானும் வரட்டுமா? யாரும் சிரிக்க மாட்டாங்கல்ல?" என்று கேட்டார். அவருக்கு மூட்டு வலி இருக்கிறது, பிரஷர் இருக்கிறது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சிரிப்பார்களா என்றுதான் கேட்டார். அதற்கு நான் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இன்று இங்கே பேசுகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லி விடுகிறேன். ஊர் ஊராகப் போய் ரத்தசோகை, சத்துணவு என்று உங்களுக்கு வகுப்பு எடுக்கிறவள் நான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மருத்துவ முகாமில் மற்றவர்கள் எடையை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். "நீங்களும் ஏறுங்க மேடம்" என்று ஒரு உறுப்பினர் கையைப் பிடித்து ஏற்றி விட்டார். 80 கிலோ. வெறும் வயிற்றில் சர்க்கரை 118. நூறைத் தாண்டினால் எச்சரிக்கை, 126 வந்தால் சர்க்கரை நோய். எனக்கு இன்னும் நாற்பது வயது ஆகவில்லை. காலையில் இருந்து ராத்திரி வரை வண்டியில் அலைகிறேன், எனக்கு எப்படி என்று தோன்றியது. பிறகு யோசித்தால், அலைந்தது வண்டிதான். நான் அதன் மேல் உட்கார்ந்திருந்தேன்.

நான் மட்டும் இல்லை. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 40 பேருக்கு அதிக எடை. அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் இது 31 தான். அதே 2019-21 ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: 100-க்கு 53 பெண்களுக்கு ரத்தசோகை. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். குண்டாக இருப்பவர் நன்றாகச் சாப்பிட்டுச் சத்தோடு இருக்கிறார் என்று நாம் நினைப்பது தப்பு. உடம்பு பெருத்தும் இருக்கலாம், ரத்தம் இல்லாமலும் இருக்கலாம். ராத்திரி எல்லோரும் சாப்பிட்ட பிறகு, வீணாகப் போகக் கூடாது என்று சட்டியில் மிஞ்சின சோற்றை வழித்துப் போட்டுச் சாப்பிடுவது யார்? காய் எல்லாம் பிள்ளைகளுக்குப் போய்விடும், நமக்குச் சோறும் குழம்பும். எடை ஏறுவது அங்கேதான். இதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சரி, முகாமுக்கு மறுநாளே ஓட ஆரம்பித்தேன். கீழ்பவானி வாய்க்கால் கரையில், விடியற்காலையில், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஓடின ஞாபகத்தில் வேகமாக ஓடினேன். இருநூறு அடி போகவில்லை. மூச்சு அடைத்தது, முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு விண் விண் என்று தெறித்தது. பத்து நாள் வண்டியை உதைக்க முடியவில்லை. உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்கிற ஒரு அம்மாவிடம் போனேன். "இத்தனை வருஷம் நடக்கவே இல்லை, எடுத்த எடுப்பில் ஓடினா கால் தாங்குமா?" என்றார். நம்ம பாஷையில் சொன்னால், சேமிப்பே இல்லாத குழு முதல் மாதமே லட்ச ரூபாய் கடன் கேட்ட கதை. மூச்சு சில வாரத்தில் பழகிவிடும். எலும்பும், மூட்டும், தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று அவசரப்பட்டு ஓடுகிறவர்கள்தான் காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அதனால் இரண்டு மாதம் வெறும் நடை. வாரத்தில் ஐந்து நாள், ஒரு நாளைக்கு அரை மணி நேரம். உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடல் உழைப்பு வேண்டும் என்றுதான் சொல்கிறது. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். அதற்குப் பிறகுதான் ஓட்டம். அதுவும் ஒரு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை. இப்படி ஆறு முறை. வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் விட்டு. கையில் கடிகாரம் வேண்டாம். இந்த வேப்ப மரத்தில் இருந்து அந்தப் புளிய மரம் வரை ஓட்டம், அடுத்த மதகு வரை நடை என்று வைத்துக்கொள்ளலாம். என் ஓட்டம் எவ்வளவு வேகம் தெரியுமா? பால் ஊற்றப் போகிற ஒரு பாட்டி தூக்குப் போசியோடு என்னைத் தாண்டிப் போனார். அந்த வேகம் போதும்.

"நாங்க காடு மேட்டுல களை வெட்டறோம், தறி ஓட்டறோம், இதுக்கு மேல என்ன ஓட்டம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நிஜமாகவே உடம்பு வளைந்து வேலை செய்கிறவர்களுக்கு இது தேவையில்லை, அவர்கள் தூங்கட்டும். ஆனால் தறி முன்னால் நிற்பதும், சிப்காட் கம்பெனியில் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பீஸ் பார்ப்பதும் களைப்பு தருமே தவிர, உழைப்பின் பலனைத் தராது. களைப்பு வேறு, உழைப்பு வேறு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஓடினால் எடை குறையுமா? கொஞ்சம்தான் குறையும். என் கணக்கையே சொல்கிறேன். ஒரு கிலோமீட்டர் ஓடினால், நம் எடை எத்தனை கிலோவோ ஏறத்தாழ அத்தனை கலோரி செலவாகும். 80 கிலோ இருந்த நான் 3 கிலோமீட்டர் ஓடினால் 240 கலோரி. நான் ஒரு நாளைக்கு ஆறு டீ குடித்துக்கொண்டிருந்தேன். எந்த ஊருக்குப் போனாலும் நீங்கள் டீ தராமல் விடுவதில்லையே! ஒரு டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 10 கிராம். ஆறு டீக்கு 60 கிராம். அதுவும் 240 கலோரி. வாய்க்கால் கரையில் வேர்க்க வேர்க்க ஓடினது எல்லாம் டீயில் போட்ட சர்க்கரைக்குச் சரியாகப் போய்விட்டது. பாலுக்கும் வடைக்கும் ஓட வேறு ஆள் வேண்டும்.

ஆகவே எடையை இறக்குவது பெரும்பாலும் சோற்றுத் தட்டில்தான். இரண்டு டீ, அதுவும் சர்க்கரை இல்லாமல். தட்டில் பாதி காய், கீரை. ஒரு வேளையாவது கம்பு, ராகி. கொள்ளுப் பருப்பு நம்ம ஊரின் சொத்து. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். ஆனால் கொள்ளு ரசத்தை ஊற்றி மூன்று கரண்டிச் சோறு கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு, கொள்ளு வேலை செய்யலை என்று சொல்லக் கூடாது.

ஒரு உறுப்பினர், பெயர் வேண்டாம், ஆட்டுக் குட்டி வாங்க என்று குழுவில் உள்கடன் வாங்கி, எடை குறைக்கிற பவுடர் டப்பா வாங்கினார். மூன்று மாதம் சாப்பாட்டுக்குப் பதில் அதைக் குடித்தார். குறைந்தது. நிறுத்தினதும் எல்லாம் திரும்பி வந்தது. கடன் மட்டும் இன்னும் போகவில்லை. அவரைத் திட்டாதீர்கள். யாரோ ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பார்த்து ஏதோ சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் எதற்கு ஓட வேண்டும் என்றால், சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செய்த ஒரு ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். அதன் முடிவு 2006-ல் வந்தது. சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான யோசனை மட்டும். இன்னொரு பிரிவினருக்குத் தினமும் அரை மணி வேக நடை, சர்க்கரை, எண்ணெய், அரிசியைக் குறைக்கச் சொல்லி, தொடர்ந்து விசாரித்தார்கள். மூன்று வருடத்தில் முதல் பிரிவில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடந்த பிரிவில் 39 பேருக்கு. இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது எது தெரியுமா? நடந்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. முள் நகரவில்லை, ஆனால் நோய் தள்ளிப் போனது. எடை மெஷின் காட்டாத வரவு ஒன்று உள்ளே ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. நம்மில் எத்தனை பேர் ஒரு மாதம் நடந்துவிட்டு, ஒரு கிலோ கூடக் குறையலை என்று விட்டிருக்கிறோம்!

அதனால் எடை மெஷினை மாதம் ஒரு முறைக்கு மேல் தொடாதீர்கள். தையல் தெரிந்த உறுப்பினரிடம் அங்குல டேப் இருக்கும். தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி அளந்து, பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்துக்குள் இருப்பது நல்லது. எனக்குப் பதினோரு மாதத்தில் குறைந்தது 6 கிலோ. இடுப்பில் நான்கு அங்குலம். சர்க்கரை 118-ல் இருந்து 99. இன்றைக்கும் நான் குண்டுதான், பார்த்தாலே தெரிகிறது. ஆனால் மாடிப்படி ஏறிப் போய் மூச்சு வாங்காமல் வங்கி மேனேஜரிடம் பேச முடிகிறது. மூட்டுக்கும் அந்த 6 கிலோ பெரிய விஷயம். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள்.

மேடையில் யாரும் சொல்லாத சில விஷயங்களையும் சொல்லி விடுகிறேன், ஆண்கள் யாரும் இல்லைதானே? நம்மைப் போன்றவர்களுக்கு ஓடும்போது தொடை உரசிப் புண்ணாகும். தேங்காய் எண்ணெய் தடவி, முழங்கால் வரை வருகிற இறுக்கமான உள்ஆடை போட்டு, மேலே சுடிதார் போட்டால் சரியாகிவிடும். மார்புக்கு நல்ல பிடிமானமான உள்ளாடை வேண்டும். ரப்பர் செருப்போடு ஓட வேண்டாம். இருக்கிற காசில் முதலில் ஷூ வாங்குங்கள். இரண்டு மூன்று பிரசவம் ஆனவர்களுக்கு ஓடும்போது கொஞ்சம் சிறுநீர் கசியும். இதற்கு வெட்கப்பட்டே பலர் விட்டுவிடுகிறார்கள். சிறுநீரை அடக்குகிற தசையை இறுக்கி, ஐந்து எண்ணி விடுங்கள். தினமும் மூன்று வேளை, பத்துப் பத்து முறை. சில மாதத்தில் பலருக்குக் கட்டுப்படும். இல்லையென்றால் டாக்டரம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

பிரஷர், இருதய நோய், சர்க்கரை உள்ளவர்கள் சானடோரியம் ஆஸ்பத்திரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டிக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ரத்த அளவும் பாருங்கள். ரத்தம் குறைவாக இருந்தால் நடந்தாலே மூச்சு வாங்கும், அதை எடையின் மேல் பழி போட்டுவிடுவோம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் போகாதீர்கள், கையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். வந்ததும் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ அங்கேயே நின்றுவிட வேண்டும். சென்னிமலை 1,320 படியும் ஏறுவேன் என்று சிலர் கிளம்புவார்கள். ஏறுங்கள், ஆனால் மூட்டு வலி உள்ளவர்கள் இறங்கும்போது வண்டியில் வாருங்கள். இறங்குவதுதான் முழங்காலுக்குக் கேடு.

2021-ல் சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியன் ஓட்டக்காரர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விபத்தில் காலில் அடிபட்டவர், சர்க்கரை உள்ளவர், ஐம்பது வயதுக்கு மேல் ஓட ஆரம்பித்து 21 கிலோமீட்டர் ஓட்டங்கள் நூற்றுக்கு மேல் ஓடியிருக்கிறார். 2023 நவம்பர் 4-ல் அரசு ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தையும் தொடங்கியது. நல்ல விஷயம். ஆனால் மாவட்டத் தலைநகரில் இருக்கும் பாதை நம்ம ஊருக்கு வராது. அமைச்சர் ஓடினால் கை தட்டுவார்கள். ஒரு குண்டுப் பெண் ஓடினால் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள்.

சிரிப்பார்களா என்று கேட்ட அக்காவுக்கு இப்போது பதில் சொல்கிறேன். சிரிப்பாங்க அக்கா. என்னைப் பார்த்தும் சிரித்தார்கள். "பூமி அதிருதுடா" என்று இரண்டு பையன்கள் கத்தினார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன், நான்கு நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஓட மாட்டார், நடப்பார். ஆனால் அதே பையன்களைப் பார்த்து, "ஏன்டா, உங்கம்மா பேரு என்னடா?" என்று ஒரு கேள்விதான் கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பையன்களைக் காணோம். நாம் குழுவாகச் சேராத வரை வங்கியில் கூட நம்மை உட்காரச் சொன்னதில்லை, ஞாபகம் இருக்கிறதா?

இப்போது நாங்கள் ஐந்து பேர் போகிறோம். காலை ஐந்தரை மணி, வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில். இருட்டாக இருப்பதால் ஒருவர் டார்ச் கொண்டு வருவார். தண்ணீர் விட்டிருக்கும் சமயத்தில் கரையின் ஓரத்துக்குப் போகக் கூடாது, வழுக்கும். இரண்டு நாய்கள் இருக்கின்றன; ஒன்று நல்ல நாய். வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். மாமியாரிடம் சொல்லத் தயங்குகிறவர்கள் வீட்டுக்கு நானே வந்து பேசுகிறேன். டீ மட்டும் போட வேண்டாம்.